கம்ப்யூட்டருக்குப் போட்ட கல்மேசை

குப்புராஜ் முதலாளியின் கிரானைட் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று நடந்த கூத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 1988, தை மாதம். அதியமான்கோட்டையைத் தாண்டி ரோட்டோரத்தில் இருக்கிறது கம்பெனி. பெங்களூரிலிருந்து ஒரு வேன் வந்தது. அதில் மூன்று அட்டைப்பெட்டிகள். அதற்காகக் கல் அறுக்கிற மெஷின்களை எல்லாம் நிறுத்தி, பட்டறை ஆட்கள் அறுபது பேரையும் வெயிலில் வரிசையாக நிற்க வைத்தார் முதலாளி. மேளம் ஒன்றுதான் குறை. ஐயர் வந்தார். தேங்காய் உடைந்தது. டிவிப் பெட்டி போல இருந்ததன் நெற்றியில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அது போதாதென்று கீபோர்டின் நான்கு மூலையிலும் தாராளமாகக் குங்குமத்தைக் கொட்டினார் முதலாளியின் சம்சாரம். மறுநாளே நாலு எழுத்து அமுங்கவில்லை. வேனில் வந்து பெட்டியைப் பொருத்திவிட்டுப் போன இன்ஜினீயர் பஸ் பிடித்துத் திரும்பி வந்து, பெயின்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு அரை நாள் குங்குமம் சுரண்டினார்.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தவள் சுல்தானா. அந்தப் பெட்டியை இயக்கப் போகிறவள் அவள்தான். வயது இருபத்தொன்பது. இங்கிலீஷிலும் தமிழிலும் ஹையர் டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள். ஆறு வருஷமாக அந்தக் கம்பெனியின் கடிதங்களை டைப் அடித்துக் கொண்டிருந்தாள். பெங்களூருக்கு அனுப்பி ஒரு மாதம் பயிற்சியும் கொடுத்திருந்தார்கள். அப்பா இல்லை, தர்மபுரி டவுனில் அம்மா ரஹமத் பீவியும் அவளும் மட்டும். அவளுடைய பத்து விரல்தான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. "ஓசூருக்கும் சேலத்துக்கும் நடுவுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச பொம்பளை நீங்க ஒருத்திதாங்க" என்று இன்ஜினீயர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அது அவள் தலைக்கு ஏறிவிட்டது. ஏறாமல் என்ன செய்யும்?

கூத்து அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மேசை என்று ஒன்று வேண்டுமே. இன்ஜினீயர் ஒரு மரமேசையின் அளவை எழுதிக் கொடுத்திருந்தார். முதலாளி அந்தத் தாளை மடித்துப் பல் குத்தினார்.

"உலகத்துக்கே கல்லு அனுப்பறவன் நானு. என் ஆபீஸ்ல கம்ப்யூட்டரை மரப்பலகை மேல வெக்கறதா? வெளிய தெரிஞ்சா காறித் துப்புவான்" என்றார்.

பட்டறையிலேயே மேசை தயாரானது. ஒரே கறுப்புக் கல். ஏழடி நீளம், மூன்று அங்குலக் கனம். முகம் பார்க்கிற அளவுக்குப் பாலீஷ். இரண்டு கல்தூணில் நிறுத்தி, தரையோடு சிமெண்ட் போட்டுப் பூசிவிட்டார்கள். கல்வித் தெய்வம் குடியிருக்கிற பொருளைத் தாழ்வாக வைக்கக் கூடாது என்று உயரத்தை மூன்றேகால் அடியாக்கினார் முதலாளி. விளிம்பு? அதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனமே இருந்தது. ஏற்றுமதிக் கல்லின் வெட்டு எப்படி இருக்கும் என்று வருகிறவன் பார்க்கட்டும் என்று, அறுத்தது அறுத்தபடி, நேராக, கூராக விடச் சொன்னார். காகிதத்தை அதன்மேல் வைத்து இழுத்தால் இரண்டாகக் கிழியும். வருகிற விருந்தாளிகளுக்கு அவரே கிழித்துக் காட்டுவார், கை தட்டுவார்கள்.

இந்தக் கல்லின் முன்னால் சாதாரண ஆபீஸ் நாற்காலியில் சுல்தானா உட்கார்ந்தாள். மேசை அவள் நெஞ்சுக்கு வந்தது. கையைத் தூக்கித் தூக்கி அடிக்க முடியுமா? இரண்டு மணிக்கட்டும் தானாகக் கல்லின் விளிம்பில் போய்ச் சாய்ந்தன. தலைக்கு மேலே நாலு ட்யூப்லைட். நாலும் பாலீஷ் கல்லில் விழுந்து கண்ணில் குத்தின. முதுகுக்குப் பின்னால் ஏசி. கம்ப்யூட்டருக்கு வியர்க்கக் கூடாதாம். கல் பனிக்கட்டியாகச் சில்லிட்டுக் கிடந்தது. செருப்பை வெளியே விட வேண்டும், தண்ணீர் உள்ளே கொண்டுபோகக் கூடாது, கதவைத் திறந்து வைக்கக் கூடாது. ஒரு மனுஷி காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அதற்குள் உட்கார்ந்திருப்பாள் என்பது மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மேசை போட்டுப் பதினெட்டாம் நாள் ஜப்பானிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. அவ்வளவுதான். கல்லு ராசியான கல்லு ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பூ வைத்தார்கள்.

இந்த லட்சணத்தில் மேனேஜர் சவுரியப்பனுக்கு வேறொரு பயம் பிடித்தது. கம்ப்யூட்டரிலிருந்து கதிர் வருகிறதாம். கோலாரில் இருக்கிற மச்சான் சொன்னானாம். அந்தக் கதிர் பட்டால் குழந்தை பிறக்காது, தலைமயிர் கொட்டும், ரத்தம் வெளுக்கும். மனுஷனுக்கு ஏற்கெனவே நான்கு பெண் குழந்தைகள். தலையிலும் கொட்டுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த அறைக்குள் வந்தால் சுவரோரமாகத்தான் நிற்பார். கனமான ஃபைல் ஒன்றை வயிற்றுக்குக் கீழே பிடித்துக்கொள்வார்.

"சார், ஃபைலை இன்னும் கொஞ்சம் எறக்கிப் புடிங்க, கதிரு கீழ வழியா வருது" என்பாள் சுல்தானா.

"சிரிங்கம்மா, சிரிங்க. ஒரு நாளு தெரியும்" என்பார் அவர்.

அவர் முகத்தைக் கண்டாலே அவளுக்கு இளக்காரம். பெருக்க வருகிற மாதம்மாளிடம் அவரைப் போலவே ஃபைலைப் பிடித்து நடந்து காட்டுவாள். மாதம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டுச் சிரிப்பாள். பட்டறை ஆட்கள் தும்மினாலும் இருமினாலும் சுல்தானாவுக்கு அதே இளக்காரம்தான். ஏதாவது வலி என்று லீவு எழுதி வந்தால், "இவனுங்களுக்கு வாரத்துக்கு ஒரு வலி" என்று உதட்டைப் பிதுக்குவாள். தனக்கு ஒரு வலியும் வராது என்று நினைத்திருந்தாள். யாருக்குத்தான் அந்த நினைப்பு இல்லை?

ஆடி மாதத்தில் வந்தது. முதலில் விடியற்காலையில் வலது கை மரத்துப் போயிருக்கும், உதறினால் சரியாகிவிடும். பிறகு உதறினாலும் சரியாகவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வது போல இருந்தது. மணிக்கட்டின் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. ராத்திரி கழித்துக் காலையில் பார்த்தாலும் அந்தக் கோடு அப்படியே இருந்தது. ஜாக்கெட்டின் கொக்கி மாட்ட முடியவில்லை. ஒருநாள் டீ டம்ளர் கையிலிருந்து நழுவி அம்மாவின் காலில் விழுந்தது.

"யா அல்லா! என்னாடி ஆச்சு உன் கைக்கு?" என்று ரஹமத் பீவி கையைப் பிடித்தாள். "ஆபீஸ்ல சொல்லுடி. கை போனா நாம ரெண்டு பேரும் எங்க போயி நிக்கறது?"

"சொல்றேம்மா, சொல்றேன்" என்றாள் சுல்தானா.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எனக்கு நோவு வந்துவிட்டது என்று வாயைத் திறந்தால் சவுரியப்பன் ஜெயித்துவிடுவாரே! ஆறு மாதமாக அவரைக் கேலி செய்த வாய் அது. அதோடு, ஓசூருக்கும் சேலத்துக்கும் நடுவில் ஒருத்திதான் என்கிற பெருமை வேறு. வலிக்கிறது என்றால் அந்த நாற்காலியில் நாளைக்கே வேறொருத்தி உட்காருவாள். ஆக, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு மாதம் அதே விளிம்பில் கையை வைத்து அடித்தாள். முட்டாள்தனம்தான். அந்த ஆபீஸில் இருந்த முட்டாள்களில் அவள் ஒருத்தி மட்டும் சேராமல் இருந்தால் நன்றாகவா இருக்கும்?

கார்த்திகையில் பேனா பிடிக்க முடியாமல் போனதும் டவுனில் ஒரு டாக்டரிடம் போனாள். அவர் அவளைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சால் விரல்களைத் தொட்டுத் தொட்டு "எந்த விரலு? இப்ப எந்த விரலு?" என்று கேட்டார். சுண்டுவிரலை மட்டும் சரியாகச் சொன்னாள். மற்றபடி அவர் தொட்டதே பல தடவை தெரியவில்லை. கண்ணைத் திறக்கச் சொல்லி, இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இடது கையில் கட்டைவிரலின் அடியில் சதை மேடாக இருந்தது. வலது கையில் அந்த மேடு வற்றத் தொடங்கியிருந்தது.

"எங்க வெச்சு அடிக்கறீங்க? செஞ்சு காட்டுங்க."

அவருடைய மேசை விளிம்பில் மணிக்கட்டை வைத்துக் காட்டினாள். இன்னும் உயரம், இன்னும் கூர், கருங்கல் என்று சொன்னாள்.

"கருங்கல்லா?" டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "எந்தப் புண்ணியவான் போட்டான்?"

"கதிரு, கிதிருன்னு சொல்றாங்களே டாக்டர்..."

"கதிரும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. மணிக்கட்டுக்குள்ள ஒரு நரம்பு போவுது. நாள் பூரா கல்லுல வெச்சு அதை நசுக்கறீங்க. அந்த மேசையை மாத்தச் சொல்லுங்க. மெட்ராஸ்ல ஆபரேஷன் இருக்கு. ஆனா திரும்பிப் போயி அதே கல்லுல கையை வெக்கறதுக்கு ஆபரேஷன் எதுக்கு? மூணு மாசம் தர்றேன். அதுக்குள்ள கையை எடுக்கலன்னா உணர்ச்சி திரும்பாதும்மா. அப்புறம் எங்கிட்ட வந்து அழுது புண்ணியமில்ல."

மணிக்கட்டுக்கு ஒரு பட்டையும் ஒரு கடிதமும் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் சுல்தானா வெட்கத்தை விட்டு மேனேஜரிடம் சொன்னாள். சவுரியப்பன் முகத்தில் வந்த பூரிப்பைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? கதிரு!"

"கதிரு இல்லைங்க சார், கல்லு. மேசை வெளிம்பு. டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு."

"டாக்டருங்களுக்கு கம்ப்யூட்டரைப் பத்தி என்னம்மா தெரியும்? சும்மா இருங்க."

கதிருக்கு வைத்தியம் ஆரம்பமானது. பெங்களூரிலிருந்து பச்சைக் கண்ணாடி ஒன்று வாங்கி டிவிப் பெட்டியின் முன்னால் மாட்டினார்கள். அதற்குப் பிறகு எழுத்து பாதிதான் தெரிந்தது; கண்ணும் சேர்ந்து எரிந்தது. பதினோரு மணிக்கு ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் என்று உத்தரவானது, கதிரை முறிக்க. அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் பால் கதவுக்கு வெளியே இருக்கும். அவள் எழுந்து வருவதற்குள் பெரும்பாலும் சவுரியப்பன் குடித்திருப்பார். கேட்டால், "நானும்தானம்மா உள்ள வந்து போறேன்" என்பார்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக முதலாளியிடமே போனாள்.

"ஏம்மா, கல்லு கடிக்குமா?" என்றார் குப்புராஜ், கடிதத்தைப் பிரிக்காமல்.

"மரமேசை ஒண்ணு போட்டுக் குடுங்க சார். பழைய டைப் மேசை இருந்தாக்கூடப் போதும்."

"உங்க வூட்டுல அம்மி இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அதுவும் கல்லுதான? அரைக்கறப்ப கை வலிக்குதுன்னு அம்மியைத் தூக்கிப் போட்டீங்களா? பொம்பளைங்க நாள் பூரா கல்லோடதான பொழங்கறீங்க. இங்க ஏசி ரூமுல, ராணி மாதிரி உக்காந்துகிட்டு வலிக்குதாம். அது ராசியான கல்லும்மா. வெச்சதை அசைக்கறதா? நாளைக்கு ஆர்டர் நின்னுபோச்சுன்னா உங்க டாக்டரு வந்து தருவாரா?"

பெரிய மனுஷர் பேச்சு. பட்டறையில் அறுபது பேர் அவரை நம்பிப் பிழைக்கிறார்களாம். அவர் மூளை ஒரு கல்லை நம்பிப் பிழைத்தது.

அவள் வீட்டிலிருந்து டர்க்கி டவல் கொண்டுவந்து நாலாக மடித்து விளிம்பில் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் கை கொஞ்சம் தேறியது. மூன்றாம் நாள் முதலாளி யாரோ விருந்தாளியோடு உள்ளே வந்தவர் டவலை உருவி மூலையில் எறிந்தார். "இதென்ன சலூனா?" விருந்தாளி சிரித்தார். மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையையும் முதலாளி கழற்றச் சொன்னார், வருகிறவன் பார்த்தால் அபசகுனமாம்.

அது மட்டுமா? டாக்டரின் கடிதத்துக்குப் பதில் ஒன்று ஃபைலில் இருக்க வேண்டும் என்று சவுரியப்பனுக்கு உத்தரவு. அவர் சுவரோரமாக நின்றுகொண்டு சொன்னார்; அவள் அடித்தாள். "இயக்குபவர் உட்காரும் முறை சரியில்லாத காரணத்தாலும், அவரது கவனக்குறைவாலும்..." பட்டறையில் எவன் கை நசுங்கினாலும் எழுதுகிற அதே வாசகம்தான். எத்தனையோ பேருக்கு அவளே அதை அடித்திருக்கிறாள், ஒரு தடவை கூட நிமிர்ந்து பார்க்காமல். இப்போது தன் பெயரைப் போட்டு, மரத்த விரலால், ஒரு பிழை இல்லாமல் அடித்துக் கொடுத்தாள். பிழை விடக் கூடாது என்கிற அந்தத் திமிர் மட்டும் அப்போதும் போகவில்லை. வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று அம்மா சொன்னாள். விட்டுவிட்டு எங்கே போவது? எந்த வேலைக்குப் போனாலும் அதே கைதானே போக வேண்டும். பேனா பிடிக்காத கையை வைத்துக்கொண்டு எவனிடம் போய் வேலை கேட்பாள்?

டாக்டர் கொடுத்த மூன்று மாதம் மாசியில் முடிகிறது. அந்த மாசியில்தான் ஜெர்மனியிலிருந்து ஒரு வியாபாரி வருவதாகத் தந்தி வந்தது. ஆபீஸ் மேசைகளுக்கு மேல்கல் வேண்டுமாம். செய்து வைத்த மாதிரி ஏதாவது இருந்தால் பார்க்க வேண்டுமாம். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. "மாதிரி என்னா மாதிரி? நம்ம ராசிக்கல்லையே காட்டறோம்!" என்று மெட்ராஸுக்குக் கிளம்பிப் போனார், அந்த ஆளை அழைத்துவர. திங்கட்கிழமை வருகிறார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் சுல்தானா பட்டறைக்குள் போனாள். ஏழு வருஷத்தில் முதல் தடவை. கல்லின் விளிம்புகளைத் தேய்த்து மெருகேற்றுகிற சென்றாயன், தலைப்பாகையை அவிழ்த்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அவளைக் கண்டதும் ஏதோ லீவு விஷயம் என்று நினைத்து எழுந்து நின்றார்.

"அண்ணா, கம்ப்யூட்டர் மேசை வெளிம்பை உருட்டித் தர முடியுமா? முதலாளிக்குத் தெரியாம."

சென்றாயன் அவள் மணிக்கட்டைப் பார்த்தார்.

"அதைப் போடறப்பவே சொன்னேன்மா. வெளிம்பை உருட்டி வுட்டுடறேன், கையை அறுக்கும்னு. 'ஏன்டா, ஏற்றுமதிக் கல்லைப் பத்தி எனக்கே நீ பாடம் எடுக்கறியா'ன்னு கேட்டாரு. மூடிக்கினேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?"

"உங்ககிட்டயா?" சென்றாயனுக்குச் சிரிப்பு வந்தது, கோபமில்லாத சிரிப்பு. "நீங்க எங்க எங்களோட பேசுவீங்க? தெனமும் இப்படித்தான் போறீங்க, வர்றீங்க. ஒரு தபா நிமிந்து பாத்ததில்ல."

அவள் கண்ணில் நீர் முட்டியது. சென்றாயன்தான் பேச்சை மாற்றினார். மெஷின் வைத்தால் தூசி பறக்கும், கம்ப்யூட்டர் கெட்டுப் போகும். சாணைக்கல்லை வைத்துத் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்க்கிறேன், நாலைந்து மணி நேரம் ஆகும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சவுரியப்பன் மாதாகோயில் பூசைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மாதம்மாள் சாவியைக் கொண்டுவந்தாள். கம்ப்யூட்டருக்குத் தார்ப்பாயைப் போர்த்தினார்கள். சென்றாயன் முட்டி போட்டு உட்கார்ந்து தேய்த்தார், மாதம்மாள் கிண்ணத்தில் தண்ணீர் விட்டாள், சுல்தானா கேட்டில் நின்று ரோட்டைப் பார்த்தாள். ஒவ்வொரு கார் ஹாரனுக்கும் எட்டிப் பார்த்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு உள்ளே வந்து பார்த்தால், அந்தக் கூர் விளிம்பு இருந்த இடமே தெரியவில்லை. ஏழடி நீளத்துக்கும் வளைந்து, வழவழவென்று கிடந்தது. சந்தோஷத்தில் மாதம்மாளைக் கட்டிக்கொண்டாள். ஈரத்தைத் துடைத்து, சேறு கழுவி, கதவைப் பூட்டுகிற அவசரத்தில் யாருக்கும் நின்று ரசிக்க நேரமில்லை.

"சத்தம் போடுவாரு. என் பேரைச் சொல்லிடுங்க" என்றாள் சென்றாயனிடம்.

"போட்டா போடட்டும். தேச்சதைத் திரும்ப ஒட்ட வெக்க முடியாதுல்ல" என்றார் அவர்.

திங்கட்கிழமை பத்தரைக்குக் கார் வந்தது. முதலாளி முன்னால், ஜெர்மன்காரர் பின்னால், கடைசியில் ஃபைலோடு சவுரியப்பன். ஜெர்மன்காரர் ஆறடிக்கு மேல். செருப்பு விடுகிற சட்டத்துக்குப் பயந்து அவரும் ஷூவைக் கழற்றி, ஓட்டை விழுந்த சாக்ஸோடு நின்றார்.

"லுக் சார், அவர் லக்கி ஸ்டோன்!" என்று கையை நீட்டிய குப்புராஜ் அப்படியே நின்றார். விளிம்பைப் பார்த்துவிட்டார். முகம் கறுத்தது. சுல்தானாவைப் பார்த்த பார்வையில், ஆள் போகட்டும், அப்புறம் உன்னைக் கவனித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

ஜெர்மன்காரரோ குனிந்து, விளிம்பு முழுவதும் உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். ரொம்ப நல்ல வேலை என்றார். எங்கள் நாட்டில் டைப் அடிக்கிறவர்களுக்குக் கூர் விளிம்பு வைத்தால் சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், கை போய்விடும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். இதை யோசித்துச் செய்தது யார் என்று கேட்டார்.

ஒரு கணம்தான். அதற்குள் குப்புராஜின் கறுத்த முகம் மலர்ந்துவிட்டது, அவ்வளவு வேகமாக ஒரு மனுஷன் மாறி நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

"மை ஐடியா சார்! ஒர்க்கர்ஸ் ஹெல்த், வெரி இம்பார்ட்டன்ட்!" என்று மார்பில் தட்டிக்கொண்டார். "ஏம்மா, தொட்டுக் காட்டு. எப்படி இருக்குது, சொல்லு அவருக்கு."

ஜெர்மன்காரரும் அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

சுல்தானா வலது கையை நீட்டி விளிம்பில் வைத்தாள். மூன்று விரலாலும் மெதுவாக வருடினாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். வளைவு தெரியவில்லை, வழவழப்பு தெரியவில்லை, சில்லிப்பு தெரியவில்லை. அங்கே கல் இருக்கிறது என்பது கண்ணுக்குத்தான் தெரிந்தது. நேற்று உருட்டியது எந்த இடம், உருட்டாமல் விட்டிருந்தால் எப்படி இருக்கும், எல்லாம் அந்த விரல்களுக்கு ஒன்றுதான். டாக்டர் சொன்ன கெடு முடிய இன்னும் எட்டு நாள் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். நரம்புக்குக் காலண்டர் பார்க்கத் தெரியுமா?

"சொல்லும்மா, சொல்லு" என்று முதலாளி அவசரப்படுத்தினார்.

"வலது கைக்கு ஒண்ணுமே தெரியலைங்க சார்" என்றாள்.

குப்புராஜ் ஜெர்மன்காரர் பக்கம் திரும்பினார். "ஷி ஸேஸ், வெரி கம்ஃபர்டபிள் சார்."

ஏழு வருஷமாக அந்த மனுஷனுடைய இங்கிலீஷ் கடிதங்களை எல்லாம் திருத்தி அடித்துக் கொடுத்தவள் அவள். தன் எதிரிலேயே தன் வார்த்தையைத் திருத்துகிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. நாற்காலியைத் திருப்பி, ஜெர்மன்காரரைப் பார்த்து, நல்ல ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னாள். நான் அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கல் பதின்மூன்று மாதம் கத்தியாக இருந்தது. நேற்று ஒரு தொழிலாளி இவருக்குத் தெரியாமல் தேய்த்துக் கொடுத்தார், அவர் பெயர் சென்றாயன். என் கை அதற்குள் போய்விட்டது. சொல்லிவிட்டு இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். வலது கட்டைவிரலுக்கு அடியில் சதை குழிந்து கிடந்தது.

ஜெர்மன்காரர் அந்தக் கையை, மரியாதைக்கு எவ்வளவு நேரம் பார்க்க வேண்டுமோ அவ்வளவு நேரம் பார்த்தார். "ஸோ ஸாரி" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு குப்புராஜ் பக்கம் திரும்பி, இதே போல உருட்டின விளிம்போடு நாற்பது கல், ஜூன் மாதத்துக்குள் அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

த்தூ! வேறென்ன சொல்வது?

"யெஸ் சார், ஷ்யூர் சார்!" குப்புராஜ் கையைப் பிசைந்தார். சுல்தானாவிடம் குரலைத் தணித்து, "மத்ததை அப்புறம் பேசிக்கலாம்மா. மொதல்ல ஆர்டர் லெட்டரை அடிச்சுக் குடு. அவரு பன்னெண்டு மணிக்குக் கெளம்பணும். கோவத்தை வேலையில காட்டாத" என்றார்.

அந்தப் பெட்டியை இயக்கத் தெரிந்தவர்கள் அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அந்தக் கம்பெனியிலும் இல்லை. அந்த ஜில்லாவில் தேடிப் பிடிப்பதற்குள் பன்னிரண்டு மணி அடித்துவிடும். அது முதலாளிக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரிந்தது.

"அடிக்கறேங்க சார்" என்றாள் சுல்தானா. "ஆனா இடது கைதான் இருக்குது. நேரமாவும். நின்னு பாருங்க, மூணு பேரும்."

வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கையின் ஆள்காட்டி விரலால் ஒரு எழுத்தை அடித்தாள். கண்ணால் தேடி, அடுத்த எழுத்தை அடித்தாள். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சவுரியப்பன் மெதுவாகக் கதவுப்பக்கம் நகர்ந்தவர், முதலாளி முறைத்ததும் நின்றுவிட்டார். கம்பெனியின் பெயரை அடித்து முடிக்கவே இரண்டு நிமிஷம் ஆயிற்று. கடிதம் இரண்டு பக்கம். அவள் அவசரப்படவில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க நடுவில் ஒரு முறை அந்த ஒரே கையைத் தூக்கினாள். அப்போது அடிப்பது நின்றது, மூன்று பேரும் காத்திருந்தார்கள்.